பழைய டிராக்டரும் புல் கட்டும் கருவிகளும்: பெங்களூர் பக்கம் சிறு பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வளர்ந்து, வேலையில் சேர்த்த பணத்தில் மாலூர், ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மூன்று நான்கு ஏக்கர் வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் இன்று நிறைய இருக்கின்றன. முதலில் வேலி போடுகிறோம், அப்புறம் போர்வெல், அப்புறம் இரண்டு மாடு. மாடு நான்காகி ஆறாகும்போது வைக்கோல் விலை கையைக் கடிக்கிறது. அந்த நேரத்தில்தான் "ஒரு பழைய டிராக்டர் எடுத்துவிட்டால் என்ன?" என்ற பேச்சு வீட்டில் ஆரம்பிக்கும்.

எங்கள் நிலம் மாலூர் பக்கம் இருக்கிறது. முதல் டிராக்டரை நான் விலையைப் பார்த்து வாங்கினேன். இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒற்றைக் கிளட்ச் வண்டி. டிசம்பரில் ராகி வைக்கோலைக் கட்ட ஒரு பேலரை, அதாவது வைக்கோலை அள்ளிக் கட்டாகக் கட்டும் இயந்திரத்தை, வாடகைக்கு எடுத்து அதன் பின்னால் மாட்டினோம். வைக்கோல் வரிசை எங்கெல்லாம் குவிந்து கிடந்ததோ அங்கெல்லாம் வண்டியை நிறுத்தக் கிளட்சை மிதிப்பேன். கூடவே பேலரும் நின்றுவிடும். வாய் நிறைய வைக்கோலோடு நின்ற பேலரை மறுபடி ஓடவைக்க, கையால் பிடுங்கி எடுக்க வேண்டும். அரை நாள் வேலை இரண்டு நாளுக்கு இழுத்தது. இரண்டாம் நாள் இரவு மழை வந்து, கட்டாமல் கிடந்த பாதி வைக்கோல் கறுத்துப் போனது. வருடம் முழுவதற்கும் வைத்திருந்த தீவனம் அது. அந்தக் காலை நேரம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நான் டிராக்டரில் ஆரம்பித்ததுதான் தவறு. மாட்டில் ஆரம்பித்திருக்க வேண்டும். மாடு எவ்வளவு தின்னும், அதற்கு எந்தப் புல், அந்தப் புல்லுக்கு எந்தக் கருவி, அந்தக் கருவிக்கு எந்த டிராக்டர் என்ற வரிசையில் போனால் பாதிக் கேள்விகளுக்குத் தானாகப் பதில் கிடைத்துவிடும். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

முதலில் மாட்டின் கணக்கு

கறவை மாடு ஒன்றுக்குப் பசுந்தீவனத்தோடு நாளொன்றுக்கு 5 முதல் 7 கிலோ உலர்தீவனம் வேண்டும். 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 24 கிலோ. மழைக்காலத்தில் பச்சை தாராளமாகக் கிடைக்கும் என்பதால், உலர்தீவனத்தையே நம்பி இருக்கும் நாட்களை 180 என்று எடுத்துக்கொண்டால் 4,320 கிலோ. சின்ன உருளைக் கட்டு ஒன்று 18 கிலோ என்றால் 240 கட்டு.

அந்த 240 கட்டை நல்ல நிலையில் இருக்கும் பேலர் ஒரே நாளில் போட்டுவிடும். வருடத்தில் மீதி 364 நாளும் கொட்டகையில் நிற்கப் போகிற இயந்திரத்துக்கு லட்சக்கணக்கில் பணம் போடுவதா என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். என் கருத்தைக் கேட்டால், பத்து மாட்டுக்குக் கீழே இருக்கும் பண்ணைக்குச் சொந்தப் பேலர் வேண்டாம். டிராக்டர், புல் வெட்டும் கருவி, புல்லை வரிசையாகக் கூட்டும் ரேக் ஆகிய மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். பேலர் வாடகைக்கு வரட்டும். வெட்டுவதும் காயவைப்பதும் வானத்தைப் பார்த்து அந்தந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலைகள், அவற்றுக்கு அடுத்தவரை எதிர்பார்த்து நிற்க முடியாது. கட்டும் வேலைக்கு ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். கர்நாடக அரசின் கிருஷி யந்திரதாரே வாடகை மையங்களில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று உங்கள் ஹோப்ளியில், அதாவது தாலுகாவின் உட்பிரிவில், விசாரியுங்கள். அக்கம்பக்கத்தில் நான்கைந்து பண்ணைக்காரர்கள் ஒத்துப்போகிறவர்களாக இருந்தால், பங்கு போட்டு ஒரு பழைய பேலர் வாங்குவதும் நல்ல வழிதான். அப்படிச் செய்தால் யார் முதலில் கட்டுவது, உடைந்தால் யார் செலவு என்பதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மழை மேகம் தெரியும் மாலையில் நட்பு தாங்காது.

எந்தப் புல், எந்த மாதம்

பெங்களூர்த் தட்பவெப்பம் உலர்புல்லுக்கு வருடம் முழுக்கத் துணை நிற்காது. ஜூனில் தொடங்கும் மழை செப்டம்பர், அக்டோபரில் உச்சத்துக்குப் போகும். ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் இடியோடு மாங்காய் மழை அடிக்கும். டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் முடியும் வரைதான் நம்பி வெட்டிப் போடக்கூடிய காலம். மற்ற மாதங்களில் மிஞ்சும் பச்சையை ஊறுகாய்ப்புல்லாக, அதாவது சைலேஜாகப் போட்டுவைப்பதே சரி.

கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் போட்டிருக்கிறோம், அதைக் காயவைத்துக் கட்டலாமா என்று கேட்கிறவர்கள் அதிகம். வேண்டாம். தண்டு தடிமனானது. இலை காய்ந்து உதிர்ந்த பிறகும் தண்டுக்குள் ஈரம் நிற்கும், கட்டுக்குள் பூசணம் பிடிக்கும். நேப்பியருக்குத் தீவனம் நறுக்கும் இயந்திரம் போதும், பேலர் எதற்கு? காயவைக்க ஏற்றவை மெல்லிய தண்டுள்ளவை: ரோட்ஸ் புல், கொழுக்கட்டைப் புல், ஓட்ஸ், குதிரைமசால், பூக்கும் பருவத்தில் வெட்டிய தட்டைப்பயறு. குதிரைமசாலில் சத்து இலையில்தான் இருக்கிறது. நடு வெயிலில் கிளறினால் இலை முழுக்க மண்ணில் உதிர்ந்துவிடும், பனி ஈரம் லேசாக இருக்கும் காலையில் கிளறுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேல், நம் பக்கத்தின் பெரிய சொத்து ராகி வைக்கோல். கோலார், பெங்களூர் ஊரகம், ஓசூர் வட்டாரங்களில் நவம்பர், டிசம்பரில் ராகி அறுப்பு நடக்கும். நெல் வைக்கோலை விட மாடு இதை விரும்பித் தின்னும், சத்தும் கூட. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லவேண்டும். பல ஊர்களில் ராகியைத் தார்ச்சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறிப்போய் அடிபட விடுகிறார்கள். அந்த வைக்கோலில் சரளைக்கல், கம்பித்துண்டு, ஆணி கலந்து வரும். கல் பேலரின் பல்லை உடைக்கும். கம்பி மாட்டின் இரைப்பையில் குத்தி இதயம் வரை போகும். களத்தில் அடித்த வைக்கோலையே கேட்டு வாங்குங்கள்.

கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

வெட்டுவதற்கு மூன்று வகை உண்டு. பழைய கத்தரிப்பல் வகை, அதாவது கட்டர் பார், குறைந்த சக்தியில் ஓடும், 20 எச்பி மினி டிராக்டரும் தாங்கும். சுத்தமாக வெட்டும். ஆனால் கல் நிலத்தில் பல் அடிக்கடி உடையும், சாய்ந்த புல்லில் திணறும். டிரம் மோவர் இரண்டு பெரிய உருளைகளின் அடியில் கத்திகள் சுழலும் வகை. 30 முதல் 40 எச்பி வரை கேட்கும், கனமும் அதிகம். ஆனாலும் சாய்ந்த புல்லையும் மேடு பள்ளத்தையும் பொறுத்துக்கொள்ளும், வெட்டிய புல்லைத் தானே ஒரு வரிசையாகப் போட்டும் போகும். நம் கல்லாங்குத்து நிலத்துக்கு நான் டிரம் மோவரையே சொல்வேன். மூன்றாவது, ரோட்டரி ஸ்லாஷர். களை அழிக்க அது நல்லது. தீவனத்துக்கு அதை வாங்காதீர்கள், புல்லைச் சிதைத்து மண்ணோடு கலந்துவிடும்.

ரேக்கைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சக்கர ரேக் எளிமையானது, பி.டி.ஓ. (கருவியை ஓட்ட டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டு) இணைப்பு வேண்டாம், தரையில் உருண்டபடியே புல்லைத் திருப்பிக் கூட்டும். பழையதை வாங்கி உடைந்த கம்பிப் பல்லை மாற்றிக்கொண்டால் பல வருடம் ஓடும்.

பேலரில் இரண்டு வகையைத்தான் இங்கே பார்ப்பீர்கள். மினி ரவுண்ட் பேலர் 15 முதல் 25 கிலோ வரையான சின்ன உருளைக் கட்டு போடும். 35 எச்பி டிராக்டருக்குப் போதும், ஒருவர் தூக்கிவிடலாம். சதுரக் கட்டு பேலர் அடுக்கவும் லாரியில் ஏற்றவும் வசதி. ஆனால் 45 எச்பிக்கு மேல் வேண்டும். முடிச்சுப் போடும் பகுதி நுணுக்கமானது, அதைச் சரிசெய்யத் தெரிந்த மேஸ்திரி பக்கத்தில் இருக்கவேண்டும். விற்பனைக்குக் கட்டாமல் சொந்த மாட்டுக்குக் கட்டுகிறீர்கள் என்றால் மினி ரவுண்ட் பேலரே போதும்.

வாங்கும் முன் இவற்றை நேரில் பார்க்க விரும்பினால், வழக்கமாக நவம்பரில் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தில் நடக்கும் கிருஷி மேளாவுக்குப் போய்வாருங்கள். புதுக் கருவிகளைத் தொட்டுப் பார்க்கலாம். உதிரி பாகங்களின் விலையையும் அங்கேயே எழுதி வைத்துக்கொண்டால், பழைய கருவிக்குப் பேரம் பேசும்போது அந்தத் தாள் கைகொடுக்கும்.

டிராக்டரின் அளவும் கிளட்சும்

மேலே சொன்ன வேலைகள் எல்லாவற்றுக்கும் 35 முதல் 45 எச்பி இருசக்கர இழுவை டிராக்டர் போதுமானது. இன்ஜினின் சக்தி முழுவதும் பி.டி.ஓ. தண்டுக்கு வராது, ஏறக்குறைய 85 சதவீதம்தான் வரும். கருவிக்காரர் 35 என்றால் அது இன்ஜின் எச்பியா, பி.டி.ஓ. எச்பியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும், நமக்குப் பக்கத்தில் அனந்தப்பூர் மாவட்டம் கார்லதின்னெயிலும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் பரிசோதனை அறிக்கைகளில் ஒவ்வொரு மாடலின் உண்மையான பி.டி.ஓ. சக்தியும் தூக்கும் திறனும் அச்சிடப்பட்டிருக்கும். விளம்பரத்தாளை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

அடுத்தது கிளட்ச். இதை நான் நிறுத்திச் சொல்கிறேன். பேலரும் மோவரும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இரட்டைக் கிளட்ச், அல்லது தனி பி.டி.ஓ. கிளட்ச் இருக்கும் வண்டியை மட்டும் வாங்குங்கள். இரட்டைக் கிளட்சில் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பி.டி.ஓ. ஓடிக்கொண்டே இருக்கும். பேலர் வாயில் இருப்பதை விழுங்கி முடித்ததும் மறுபடி நகரலாம். முழுதாக மிதித்தால்தான் இரண்டும் நிற்கும். ஒற்றைக் கிளட்சில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டிரம் மோவரின் கனமான உருளைகள் வேகமாகச் சுழலும்போது கிளட்சை மிதித்தால், அந்தச் சுழற்சி பி.டி.ஓ. வழியாகத் திரும்பி வந்து வண்டியை முன்னே தள்ளும். வரப்போரம் நிற்க நினைத்த வண்டி நிற்காமல் போய்விடும். ஒரே மாடல் பெயரில் ஒற்றைக் கிளட்ச் வண்டியும் இரட்டைக் கிளட்ச் வண்டியும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. பெயரை நம்பாமல் மிதித்துப் பாருங்கள்.

கியரையும் பாருங்கள். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் இன்ஜின் வேகத்தில், வண்டி மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டரில் ஊர்ந்து போகவேண்டும். சில பழைய வண்டிகளில் முதல் கியரே அதற்கு மேல் ஓடும்.

எந்த நிறுவனம் என்று கேட்பீர்கள். மஹிந்திரா 275, 475, ஸ்வராஜ் 735, மாஸி 1035, 241 போன்ற, ஊர் முழுக்க ஓடும் மாடல்களில் ஒன்றை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சீல் உடைந்தாலும் தாலுகா கடையில் கிடைக்கும் என்பதுதான் காரணம். தோட்டத்துக்குள் ஓட்டவும் கட்டர் பாருக்கும் மினி டிராக்டர் போதும் என்றால், நம் பெங்களூரைச் சேர்ந்த வி.எஸ்.டி.யின் வண்டிகளையும் பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து 50 எச்பிக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு ட்ரெம்-4 புகை விதி வந்துவிட்டது. நாம் பேசும் அளவில் உள்ள பழைய வண்டிகளுக்கு அந்தக் கவலை இல்லை. சாதாரண டீசல் பம்ப், கிராமத்து மேஸ்திரி கழற்றி மாட்டக்கூடியது.

வண்டி முன்பு என்ன வேலை செய்தது?

விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு வண்டியின் வயதைவிட அதன் வேலை முக்கியம்.

மாலூர் பக்கம் செங்கல் சூளைகளும் ஓட்டுத் தொழிற்சாலைகளும் அதிகம். சூளையில் டிரெய்லர் இழுத்த வண்டியின் டயர்ப் பட்டை நடுவில் சமமாகத் தேய்ந்திருக்கும், பின் கொக்கியின் துளை முட்டை வடிவமாகிவிட்டிருக்கும், கிளட்சும் பிரேக்கும் களைத்திருக்கும். நெல் வயலில் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டுச் சேறு அடித்த வண்டியில் பின் அச்சுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் சேற்றுத் தண்ணீர் போயிருக்கும். அச்சு முனையில் எண்ணெய்க் கசிவைத் தேடுங்கள். முன்னால் டோசர் மாட்டி மண் தள்ளிய வண்டியில் முன் அச்சைத் தாங்கும் பகுதியில் வெல்டிங் தெரியும். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஒரே விவசாயி வைத்திருந்து, உழவுக்கும் விதைப்புக்கும் ஓட்டிய வண்டி கிடைத்தால், பெயிண்ட் மங்கி இருந்தாலும் ஐம்பதாயிரம் கூடக் கொடுத்து எடுக்கலாம் என்பேன்.

மீட்டரில் உள்ள மணிக்கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். பத்து வருட வண்டி 1,200 மணி என்று காட்டினால், கிளட்ச் பெடலையும் ஸ்டீயரிங் பிடியையும் பாருங்கள். பெடல் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் கேபிளை யாரோ கழற்றி வைத்திருக்கிறார்கள்.

பார்க்கப் போகும் காலை

காலையிலேயே போங்கள். "நாங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக இன்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டி என்று சந்தேகப்படலாம். மரியாதையாக டீ குடித்துவிட்டு, ஆறிய பிறகே பாருங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறம் என்றால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, ஹெட்டோ கேஸ்கெட்டோ போய்விட்டது. பளிச்சென்று புது ஆயில் ஊற்றி வைத்திருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், எப்போது மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் தண்ணீர் அல்லது இன்ஜெக்டர் கோளாறு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சுமை இல்லாமலே கறுப்பாகக் கக்கினால் ஏர் ஃபில்டர் அல்லது பம்ப். அப்புறம் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் உள்ளங்கையைக் காட்டுங்கள். லேசான காற்று வருவது இயல்பு. ரயில் இன்ஜின் மாதிரி புகை குப்குப்பென்று தள்ளினால் லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் தேய்ந்துவிட்டன, முழு இன்ஜின் வேலை வரும். அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேசவேண்டும்.

நிற்கவைத்துப் பார்த்தது போதும், ஓட்டுங்கள். ஒவ்வொரு கியரிலும் ஏற்றத்தில் ஏற்றி, இறக்கத்தில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். கியர் தானாக நழுவி வெளியே வந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. பிரேக் இரண்டையும் தனித்தனியாக மிதித்து இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பி.டி.ஓ.வைப் போட்டு, குறைந்த கியரில் நகரவிட்டு, கிளட்சைப் பாதி மிதித்தால் என்ன ஆகிறது என்று கூட வந்தவரைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஹைட்ராலிக்குக்கு ஒரு கலப்பையோ ரோட்டவேட்டரோ மாட்டித் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் வேறு பேச்சு பேசுங்கள். மெல்ல இறங்கினால் சாதாரண தேய்மானம். கண்முன்னே இறங்கிவிட்டால் செலவு இருக்கிறது. ரவுண்ட் பேலரின் பின்கதவு ஹைட்ராலிக்கில் திறக்கும் வகை என்றால், டிராக்டரில் வெளி இணைப்பு வால்வு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எங்களுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் ஹொசகோட்டை மேஸ்திரி ஒருவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "பெயிண்ட்டை விடுங்க தம்பி, பின்னைப் பாருங்க." முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி மேலும் கீழும் ஆட்டுவார், கிங்பின் ஆட்டம் தெரியும். முன் அச்சின் நடு பின், மூன்று புள்ளி இணைப்பின் பின்கள், ஸ்டீயரிங் பந்து மூட்டுகள் எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பார்ப்பார். ஒரு விவசாயி கிரீஸ் வைத்துப் பராமரித்தாரா இல்லையா என்பதைப் பின்கள்தான் சொல்லும் என்பது அவர் அனுபவம். நான் பார்த்தவரை அது சரிதான். அப்படி ஒருவர் உங்களுக்குக் கிடைத்தால், அவருடைய ஒரு நாள் கூலியைக் கொடுத்துக் கூட்டிப்போங்கள்.

டயர் நான்கையும் கடைசியாகப் பாருங்கள். பின் டயர் ஜோடி மாற்றுவது பெரிய செலவு. இரண்டு பக்கமும் ஒரே அளவா, பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பேரத்தில் வையுங்கள்.

காகிதங்கள்

இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-உம் கைக்கு வரும் வரை முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தமிழ்நாட்டுப் பதிவு வண்டியை வாங்கிக் கர்நாடகத்தில் வைத்துக்கொள்வதாக இருந்தால், அங்குள்ள ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்யவேண்டும். எல்லையோரம் நமக்கு மலிவான வண்டிகள் கிடைப்பது உண்மை, இந்த அலைச்சலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கும், 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்கவேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு, வண்டியோடு சும்மா வருகிறதே என்று காகிதம் இல்லாத டிரெய்லரை எடுத்துவராதீர்கள். "அப்புறம் மாற்றிக்கலாம் அண்ணா" என்று விற்பவர் சொன்னால், அந்த அப்புறம் வரும்வரை முன்பணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய மோவரும் பேலரும்

டிரம் மோவரின் உருளையைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். மேலும் கீழும் ஆட்டினால் ஆடக்கூடாது. பெல்ட்டில் வெடிப்பு, அடித்தட்டில் ஓட்டை, கத்தி மாட்டும் போல்ட் தேய்மானம் ஆகியவற்றையும் பாருங்கள். கத்தி மலிவு, அது மழுங்கியிருந்தால் கவலை வேண்டாம்.

பேலரை ஓடாமல் பார்த்து வாங்கவே கூடாது. வைக்கோல் இருக்கும் இடத்தில் ஓட்டிக்காட்டச் சொல்லி, குறைந்தது பத்துக் கட்டு போடச் சொல்லுங்கள். கட்டைக் கீழே போட்டு உருட்டுங்கள், தூக்கி எறியுங்கள், கயிறு நிற்கவேண்டும். ரவுண்ட் பேலரில் வைக்கோல் எடுக்கும் பற்கள், சங்கிலிகள், அவை ஓடும் பல்சக்கரங்களின் முனை கொக்கி மாதிரி வளைந்துவிட்டதா, உருளைகளின் பேரிங் ஆகியவை முக்கியம். ஓடி முடித்ததும் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேரிங் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதுதான் அடுத்து போகப்போவது. சதுரக் கட்டு பேலரில் இரண்டு முடிச்சுகளையும் ஒவ்வொரு கட்டிலும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அடிக்கடி விட்டுப்போனால் அந்தப் பக்கத்து முடிச்சுப் பகுதி தேய்ந்திருக்கிறது. பாதுகாப்புக்கு இருக்கும் ஷியர் போல்ட் இடத்தில் சாதாரண கெட்டி போல்ட் போட்டிருந்தால் அந்தப் பேலரை விட்டுவிடுங்கள். உடையவேண்டிய போல்ட் உடையாமல் உள்ளே வேறு எதை உடைத்ததோ தெரியாது.

மாட்டும்போது, ஓட்டும்போது

புதிதாக ஒரு கருவியை வேறு டிராக்டரில் மாட்டினால் பி.டி.ஓ. தண்டின் நீளம் சரியாக இராது. கருவியைத் தூக்கும்போது இரண்டு குழாய்களும் முழுதாக முட்டிக்கொள்ளக் கூடாது, நீட்டும்போது மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கவேண்டும். அளந்து வெட்டிக்கொள்ளுங்கள்.

அந்தத் தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாமல் வரும் பழைய கருவிகள்தான் அதிகம். புது உறை வாங்கிப் போட்ட பிறகே ஓட்டுங்கள். 540 சுற்று என்றால் ஒரு வினாடிக்கு ஒன்பது சுற்று. புடவை முந்தானையோ வேட்டி நுனியோ துண்டோ மாட்டினால் கையை எடுக்க நேரம் கிடைக்காது. வைக்கோல் சிக்கினால் பி.டி.ஓ.வை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். ஓடும் பேலரின் வாயில் காலால் உதைத்து வைக்கோல் தள்ளுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து உங்கள் நிலத்தில் வேலை செய்யும் யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள்.

ஈரம் பார்த்துக் கட்டுதல்

புல்லை வெட்டும்போது அதில் 75 முதல் 80 சதவீதம் தண்ணீர். கட்டும்போது 15 முதல் 18 சதவீதத்துக்கு இறங்கியிருக்கவேண்டும். ஒரு பிடியை எடுத்து இரு கையாலும் முறுக்குங்கள். தண்டு முறிந்தால் சரி, கயிறு மாதிரி வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு நாள். சந்தேகமாக இருந்தால், காய்ந்த கண்ணாடிப் புட்டியில் நறுக்கிய புல்லோடு ஒரு ஸ்பூன் தூள் உப்பைப் போட்டு மூடி, இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு உதிரியாகவே இருந்தால் கட்டலாம். புல்லில் ஒட்டினால், கட்டியானால் ஈரம் இருக்கிறது.

ஈரத்தோடு கட்டிய புல் உள்ளுக்குள் சூடாகும். அந்தச் சூடு தானாகவே தீயாக மாறி வைக்கோல் போர்களும் கொட்டகைகளும் எரிந்திருக்கின்றன. அடுக்கிய பிறகு முதல் இரண்டு மூன்று வாரம், நீளமான இரும்புக் கம்பி ஒன்றைப் போருக்குள் செருகிக் கால் மணி நேரம் விட்டு உருவித் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு என்றால் தண்ணீரைத் தயாராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்களைக் கூப்பிட்டு, கட்டுகளை வெளியே எடுத்துப் பிரித்துவிடுங்கள். டிராக்டரை அந்தக் கொட்டகைக்குள் நிறுத்தாதீர்கள்.

மாட்டுக்குப் போடும்போது கட்டின் பிளாஸ்டிக் கயிறை அறுத்து அங்கேயே விட்டுவிடாமல், எங்கள் வீட்டில் செய்வதுபோல் தொழுவச் சுவரில் ஒரு ஆணி அடித்து அதில் மாட்டிவையுங்கள். 240 கட்டு பிரித்தால் 240 கயிறும் அந்த ஆணியில் இருக்கவேண்டும்.